விருந்தாளியின் சாட்சியம்

பிறநாடு சென்று மீண்டவனிடம் ஊரார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்கே எப்படி?" கேட்பவர் நீண்ட விடையை எதிர்பார்ப்பதில்லை. நன்று என்றோ தீது என்றோ சொல்லிவிட்டால் மனநிறைவோடு போய்விடுவார். 2019ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், ஆசிரியரும் மாணவருமாகப் பதினான்கு பேர் கொண்ட பரிவர்த்தனைக் குழுவொன்றிற் சேர்ந்து, ஷாங்காய் நகரிற் பத்து நாட்களைக் கழித்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சிறிய விடை அகப்படவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் இரு கட்சியார் இருந்தனர். ஒரு கட்சியார் மக்கள் சீனத்தின் புகழைக் கேட்கக் காத்திருந்தனர். மற்றவர் அதன் வேடம் கலைவதைக் கேட்கக் காத்திருந்தனர். இரு சாராரிடமும் விடை முன்னரே ஆயத்தமாக இருந்தது. என்னிடம் அவர்கள் வேண்டியது ஒரு கையொப்பம் மட்டுமே.

விருந்தாளியாகச் சென்றவன் தான் கண்டதைப் பற்றி எவ்வளவு தூரம் சாட்சி சொல்லலாம்? இது பிரயாணக் கட்டுரைக்குரிய சில்லறைக் கேள்வியன்று. சென்ற நூற்றாண்டில் இதற்கு அவசரப்பட்டு விடை சொன்ன நல்லோர் சிலரின் வாக்கு, கோடிக்கணக்கான மக்களின் பசியை உலகின் கண்ணிலிருந்து மறைப்பதற்குத் துணைபோயிற்று. அதனைப் பின்னர் சொல்வேன். முதலில் நகரம்.

எங்கள் வீட்டிற் சீனா என்பது வெறும் தேசப்படப் பெயராக இருக்கவில்லை. என் தகப்பனார், 1963இல் தொடங்கிய பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை இரைச்சலுக்கிடையே காது கொடுத்துக் கேட்டவர். சங்கக்கடையிற் கூப்பனுக்குக் கிடைத்த அரிசியைச் "சீனத் தோழன் அரிசி" என்று சொல்லிச் சிரிப்பார். அச்சிரிப்பிற் பெருமை இருந்தது. பெருமைக்குக் காரணமும் இருந்தது. 1952ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாது, இலங்கை மக்கள் சீனத்துடன் றப்பர்-அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஆண்டொன்றுக்கு 50,000 தொன் றப்பர் அங்கே போக, 270,000 தொன் அரிசி இங்கே வந்தது. இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு ஏற்பட்டது 1957இல். அரிசியோ அதற்கு ஐந்தாண்டு முன்னரே நம் அடுப்புக்கு வந்துவிட்டது. இத்தகைய வீட்டிற் பிறந்தவன் ஷாங்காய் விமான நிலையத்தில் இறங்கும்போது வெறுங்கண்ணோடு இறங்குவதில்லை.

முதல் மாலை எம்மை ஹுவாங்பு ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றனர். மேற்குக் கரையில் வெள்ளையர் கட்டிய வங்கிகளும் சுங்க மாளிகையும் கருங்கல்லில் வரிசையாக நிற்கின்றன. எதிர்க்கரை பூதோங். 1990இல் அபிவிருத்தித் திட்டம் அறிவிக்கப்படும்வரை வயல்களும் பண்டகசாலைகளும் கப்பற்பட்டறைகளும் இருந்த இடம் அது. இன்று அங்கே 632 மீற்றர் உயரமான கோபுரம் முகிலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் குழுவில் எவரும் சில நிமிடங்கள் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் இன்றும் மறுதலிக்க மாட்டேன். 1949இற் சீனரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 35 ஆண்டுகள். நாங்கள் சென்ற ஆண்டில் அது 77ஐத் தாண்டியிருந்தது. 1930களில் இதே ஷாங்காயின் தெருக்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் அநாதைப் பிணங்களைத் தருமசங்கத்தார் வண்டியில் ஏற்றிச் சென்றனர். இந்த மாற்றத்தை வெறும் மின்விளக்கு அலங்காரம் என்று சொல்பவர், பிணவண்டியை நினைத்துப் பாராதவர்.

அந்த ஆற்றங்கரையின் வடமுனையில் ஒரு சிறு பூங்கா உண்டு. உடன்வந்த விரிவுரையாளர், அதன் வாயிலில் "நாய்களுக்கும் சீனருக்கும் அனுமதியில்லை" என்ற பலகை தொங்கியதாகச் சொன்னார். நாங்களும் இளமையிலிருந்து கேட்ட கதையே அது. உண்மையில் அந்த வாசகம் அப்படியே பொறித்த பலகையென்று உறுதியாகக் காட்டக்கூடியது எதுவும் இல்லை. இருந்தது ஒரு விதிப்பட்டியல். 1917ஆம் ஆண்டுப் பட்டியலின்படி, பூங்கா அந்நியச் சமூகத்தாருக்கு மட்டும் உரியது என்பது ஒரு விதி. நாய்களும் துவிச்சக்கரவண்டிகளும் உள்ளே வரலாகாது என்பது வேறொரு விதி. 1928வரை சீனர் தம் சொந்த மண்ணிலிருந்த அந்தப் பூங்காவினுள் நுழைய முடியாதிருந்தனர். கோபங்கொண்ட மக்கள் இரண்டு விதிகளையும் ஒரு வரியாக்கினர். கோபம் நியாயமானது. ஆயினும் மெய்யான இழிவே போதிய அளவு இழிவாக இருக்கும்போது அதற்கு மேலும் ஒரு பூச்சு எதற்கு? இதை நான் விரிவுரையாளரிடம் சொல்லவில்லை. விருந்தாளி இப்படித்தான் முதன்முதலில் வாய் மூடப் பழகுகிறான்.

மூன்றாம் நாள் நேர்மாறான ஒன்று நிகழ்ந்தது. 1921ஆம் ஆண்டு ஜூலையிற் பதின்மூன்று பிரதிநிதிகள் கூடிச் சீனப் பொதுவுடைமைக் கட்சியின் முதலாவது மாநாட்டை நடத்திய செங்கல் வீட்டைக் காணச் சென்றோம். பொலிசார் மோப்பம் பிடித்து வந்ததால், மாநாட்டை முடிப்பதற்கு அவர்கள் ஜியாசிங் ஊரின் ஏரியில் ஒரு படகை நாட வேண்டியிருந்தது. இன்று அந்த வீட்டைச் சூழ நிற்பவை, கைப்பையொன்றுக்கு நம் ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தைக் கேட்கும் அங்காடிகள். எங்களுள் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். எவரையோ கையுங்களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற களிப்பு எங்களுக்கு. இரவில் அச்சிரிப்பை எண்ணிப் பார்த்தபோது எனக்கு நாணமாக இருந்தது. ஆற்றங்கரையில் மெய்மறந்து நின்றவனுக்கும் அங்காடி முன் நகைத்தவனுக்கும் பேதம் அதிகமில்லை. இருவரும் அங்கே வாழும் ஒரு மனிதரிடமாவது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் விடியுமுன் நான் தனியாக வெளியே போனேன். எங்கள் விடுதிச்சாலை ஹோங்கௌ பகுதியில் இருந்தது. அதன் பின்புறத்தே பழைய ஒழுங்கைகள். தோள் இடிக்கும் இடைவெளியில் எதிரெதிரே வீடுகள், தலைக்கு மேல் மூங்கிற் கழிகளில் ஈரத் துணிகள். ஒரு வீட்டிற் பல குடும்பங்கள் பகுதி பகுதியாக வாழ்ந்தன, சமையலறை பொது, பல வீடுகளில் அப்போது மலகூடம் இருக்கவில்லை. எண்பது வயதிருக்கும் ஒரு கிழவி மூடியிட்ட மலவாளியைச் சுமந்துகொண்டு பொதுக்கழிவிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு மேலே, கூரைகளுக்கு அப்பால், அந்த 632 மீற்றர் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. படம் எடுப்பவனுக்கு இதைவிட வாய்ப்பான காட்சி வேறென்ன? கைத்தொலைபேசியை உயர்த்தினேன். கிழவி நின்றார். ஏசவில்லை. வாளியைத் தன் உடம்பின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, நான் கடந்து போவதற்கு வழிவிட்டு ஒதுங்கினார். என் கை தானாகவே தாழ்ந்தது.

காலையுணவின்போது இதனை எங்கள் மொழிபெயர்ப்பாளரான மாணவியிடம் சொன்னேன். அவள் அன்ஹுய் மாகாணத்துக் கிராமமொன்றிற் பிறந்தவள். தந்தை இருபது ஆண்டுகளாக ஷாங்காயில் கட்டட வேலை செய்பவர். அவளை வளர்த்தவர் பாட்டி. புத்தாண்டுக்கு ஒருமுறை தந்தையைக் கண்டாள். நகரில் உழைக்கும் தந்தையோடு ஏன் நகரிலேயே படிக்கவில்லை என்று ஆசிரியப் புத்தியோடு கேட்டேன். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்ட குடும்பப் பதிவு முறையை அவள் விளக்கினாள். கிராமத்திற் பதிவுபெற்ற பிள்ளை, தகுந்த பத்திரங்கள் இருந்தால் நகரில் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வியைப் பெறலாம். பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்துக்கே திரும்ப வேண்டும். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ஷாங்காயின் மக்கள்தொகையை ஏறத்தாழ 2 கோடியே 49 இலட்சம் என்கிறது. அவர்களுள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அந்நகரிற் பதிவில்லாதவர். நூற்றுக்கு 42 பேர். உழைக்கும் மக்களின் பெயரால் ஆளும் நாட்டில், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கிடையே பிறந்த ஊரைக் கொண்டு வேலி கட்டப்பட்டிருக்கிறது. இதனைச் சொல்வதற்கு நான் அந்த நாட்டின் பகைவனாக இருக்க வேண்டியதில்லை.

என் முகத்தில் இரக்கம் தெரிந்திருக்க வேண்டும். அவள் யன்னலருகே சென்று, ஆற்றுக்கு அப்பால் ஒரு மாடிவீட்டுத் தொகுதியைச் சுட்டினாள். "அது என் தந்தை கட்டியது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆசிரியரே" என்றாள். அவள் குரலில் இருந்தது பெருமை; என் தகப்பனாரின் அரிசிச் சிரிப்பில் இருந்த அதே பெருமை. நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த இரக்கம் வைக்க இடமில்லாமற் போயிற்று. பின்பு அவள் கேட்டாள்: "ஊருக்குப் போய் எதைச் சொல்வீர்கள்? அந்தக் கிழவியையா, என் தந்தையின் கட்டடத்தையா?" இரண்டையும் என்றேன். "இரண்டையும் சொன்னால் கேட்பவர்கள் ஒன்றைத்தான் காதில் வாங்குவார்கள்" என்றாள் அவள்.

இனி அந்த நல்லோரின் கதை. பிரான்சின் முன்னாட் பிரதமர் எடுவார் எரியோ 1933ஆம் ஆண்டிற் சோவியத் உக்ரேனுக்கு விருந்தாளியாகச் சென்றார். பஞ்சம் மாபெரும் பலி கொண்ட ஆண்டு அது. அவருக்காகத் தெருக்கள் கழுவப்பட்டன, கடைகள் நிரப்பப்பட்டன. பூத்துக் குலுங்கும் தோட்டமொன்றைக் கண்டதாக அவர் திரும்பி வந்து சொன்னார். அவரையேனும் இராசதந்திரி என்று ஒதுக்கிவிடலாம். எட்கார் ஸ்னோவை அவ்வாறு ஒதுக்க இயலாது. 1936இல் முற்றுகையைக் கடந்து செம்படையின் தளத்துக்குச் சென்று, அந்த மனிதரை உலகுக்கு முதன்முதலாக அறிமுகஞ் செய்தவர் அவர். துணிவும் நேர்மையும் உள்ளவர். அதே ஸ்னோ 1960இல் ஐந்து மாதங்கள் சீனாவிற் சுற்றினார். பசித்தவரைத் தேடியும் பார்த்தார். சீனாவிற் பஞ்சம் இருப்பதாகத் தாம் நம்பவில்லை என்று 1962இல் எழுதினார். 1961இற் சென்ற பிரான்சுவா மித்தரானும் பஞ்சமில்லை என்றே மீண்டார். 1959க்கும் 1961க்கும் இடையே அந்நாட்டிற் பசியால் மாண்டோர் தொகையை ஆய்வாளர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடிவரை பலவாறாக மதிப்பிடுகின்றனர். ஆகக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், அது அன்றைய இலங்கையின் முழு மக்கள்தொகையிலும் பெரிது.

ஸ்னோ பொய் சொன்னவரல்லர். தாம் காணாததைக் காணவில்லை என்றார், அதுவரை மெய். காணாதது இல்லை என்றார், அங்கேதான் சறுக்கினார். அந்தச் சறுக்கலுக்குக் காரணம் அன்பு என்பதே என்னை உறங்கவிடாத செய்தி. 1936இல் தாம் கண்ட மனிதர் மீது வைத்த அன்பு, 1960இல் அவர் கண்ணுக்குத் திரையாயிற்று.

நாட்டின் தலைவரே அங்கே விருந்தாளியாக ஏமாற்றப்பட்டதுண்டு. லியூ ஷாவோசி 1961இற் குடியரசுத் தலைவராக இருந்தபோது தம் சொந்த மாகாணமான ஹுனானின் கிராமங்களுக்குச் சென்றார். மக்கள் பசிக்கு உரித்துத் தின்ற மரங்களின் வெற்றுடலை, அவர் கண்ணிற் படாதிருக்கச் சேறும் வைக்கோலும் பூசி மறைத்தனர் உள்ளூர் அதிகாரிகள். அவர் உடனே திரும்பிவிடவில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் தங்கினார். அதிகாரிகளை ஒதுக்கிவிட்டு உறவினரையும் அயலவரையும் பேச வைத்தார். 1962 ஜனவரியில், ஏழாயிரம் ஊழியர் மாநாட்டில், இயற்கையின் குற்றம் மூன்று பங்கு, மனிதரின் குற்றம் ஏழு பங்கு என்னும் குடியானவர் தீர்ப்பை எடுத்துச் சொன்னார். 1969இற் காவலில் இருந்தவாறே அவர் இறந்தார். தங்கியவரின் சாட்சிக்கும் கடந்து சென்றவரின் சாட்சிக்கும் உள்ள வேறுபாடு இது; அதற்குக் கொடுத்த விலையும் இது.

இங்கே என் தகப்பனாரின் சோற்றுத் தட்டுக்கு நான் திரும்ப வேண்டியிருக்கிறது. 1953 ஆகஸ்டு ஹர்த்தால் நம்மவருக்கு நினைவிருக்கும். கொத்து 25 சதத்துக்கு விற்ற பங்கீட்டரிசியை 70 சதமாக்கிய அரசை மக்கள் நடுங்க வைத்த நாள் அது. அரிசியின் அருமை தெரிந்த நாடு நம் நாடு. ஆயின் 1959ஆம் ஆண்டிலே, மக்கள் மரப்பட்டையைத் தின்னத் தொடங்கிய காலத்திலே, சீன அரசு 40 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான தானியத்தை வெளிநாடுகளுக்கு அனுப்பிற்று. நமது ஒப்பந்தமும் அப்போது நடைமுறையில் இருந்தது. என் தகப்பனார் அதை அறிந்திருக்க முடியாது, அவருக்குக் குற்றமில்லை. அறிந்துகொண்ட நான் அந்தச் சிரிப்பை அப்படியே என் பிள்ளைகளுக்குக் கடத்தலாமா? ஏகாதிபத்தியத்தின் கெடுபிடிக்குப் பணியாமல் ஓர் ஏழை நாடு இன்னோர் ஏழை நாட்டோடு கைகோத்தது என்பது மெய். அந்த மூடையில் எவருடைய வயிற்றிலிருந்தோ எடுத்த அரிசியும் இருந்திருக்கலாம் என்பதும் மெய். முன்னதைச் சொல்லும்போது பின்னதை விழுங்குவதுதான் நமது பத்திரிகைகளில் நெடுங்காலம் நடந்தது. பின்னதை மட்டும் சொல்வதுதான் இப்போதைய நாகரிகம்.

இவ்வளவும் எழுதிய பிறகு, நான் யாரென்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பாடசாலைக்கு ஒருமுறை வெளிநாட்டு விருந்தினர் வந்தனர். இரண்டு நாள் முன்னதாகவே சுவர்களுக்கு வெள்ளையடித்தோம். ஆங்கிலம் பேசக்கூடிய பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்தினோம். சப்பாத்தில்லாத பிள்ளைகள் எழுவரை, விருந்தினர் போகும்வரை ஆய்வுகூடத்திற் குப்பிகளை அடுக்குமாறு அனுப்பினோம். அனுப்பியவன் நானே. எனக்கு எவரும் ஆணையிடவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் முற்றம் கூட்டுவது வழக்கம். முற்றத்தோடு பிள்ளைகளையும் கூட்டி ஒதுக்கினேன். ஆகவே ஷாங்காயில் எமக்கு நிகழ்ச்சி நிரல் வகுத்தவர்களைச் சூழ்ச்சிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுள்ளும் என்னைப்போன்ற ஓர் ஆசிரியர், வெட்கமும் உபசாரமும் கலந்த மனத்தோடு, எந்த ஒழுங்கையை விலக்குவது என்று தேசப்படத்திற் கோடிட்டிருக்கக்கூடும்.

விருந்தாளி குழுவாக வரும்போது இன்னுமொரு கேடு சேர்கிறது. பதினான்கு பேர் ஒன்றாகப் பார்க்கும்போது எவரும் தனித்துப் பார்ப்பதில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தைத் திருத்திக்கொள்கிறார். எங்கள் விடுதிச்சாலைக்கு அண்மையிலுள்ள பூங்காவில் எழுத்தாளர் லூ சுன்னின் சமாதி இருக்கிறது. தம் இறுதி ஒன்பது ஆண்டுகளை அவர் ஷாங்காயிலேயே கழித்து 1936இல் மறைந்தார். இளமையில் யப்பானின் செந்தாய் நகரில் மருத்துவம் படித்தபோது, வகுப்பில் ஒரு நிழற்படத்தைக் கண்டார்: சிரச்சேதம் செய்யப்படவிருந்த ஒரு சீனன், அவனைச் சூழ நின்று வேடிக்கை பார்க்கும் சீனர் கூட்டம். உடம்பு திடமாயிருந்தும் உணர்வு மரத்துப்போன அந்தக் கூட்டத்தின் முகங்களே தம்மை மருத்துவத்தைவிட்டு எழுத்துக்குத் திருப்பின என்று அவர் பின்னர் எழுதினார். அந்தச் சமாதியின் முன் எங்கள் குழு படம் எடுத்துக்கொண்டது. படத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரிச் சிரிக்கிறோம்.

கண்ணெதிரே இருப்பதையும் காணாமலிருக்கலாம் என்பதை நான் மூன்று ஆண்டுகள் கழித்து அறிந்தேன். அந்தப் பத்து நாளும் மஞ்சள், நீலச் சட்டை அணிந்த உணவு விநியோக இளைஞர் மின்சார மோட்டார் சைக்கிள்களில் அம்பெனப் பறப்பதைப் பார்த்து வியந்திருந்தோம். 2022 ஏப்ரலில், நோய்த்தடுப்பின் பொருட்டு அந்த மாநகர் முழுவதும் அடைக்கப்பட்டது. வீட்டுக்குத் திரும்பினால் வாசல் பூட்டப்பட்டு வேலையை இழக்க நேரும் என்பதால், அந்த இளைஞர்களிற் பலர் பாலங்களின் கீழும் தெருவோரத்திலும் படுத்தனர். அதே மாதத்தில் நம் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது. வரிசைக்கு மேலே கொழும்பின் தாமரைக் கோபுரம் நின்றது. அந்த மாதம் கொழும்புக்கு ஒரு விருந்தாளி வந்திருந்தால் அவனுக்கு எதைக் காட்டியிருப்போம் என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு. அந்தச் சீன இளைஞர்கள் எங்கே படுக்கிறார்கள் என்ற கேள்வி 2019இல் எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களை எவரும் எம்மிடமிருந்து மறைக்கவுமில்லை.

ஊர் திரும்பிய வாரமே பாடசாலையிற் பேசும்படி பணிக்கப்பட்டேன். கோபுரத்தைச் சொன்னேன், ஆயுட்காலக் கணக்கைச் சொன்னேன், ஒழுங்கையைச் சொன்னேன், கிழவி வாளியை மறைத்ததையும் நான் கையைத் தாழ்த்தியதையும் சொன்னேன், மாணவியின் தந்தை கட்டிய மாடிவீட்டுத் தொகுதியின் படத்தைத் திரையிற் காட்டினேன். மெய்யான சாட்சிக்கு உரிய நிறையோடு பேசிவிட்டதாகவே எனக்குத் தோன்றிற்று. இரு கட்சி ஆசிரியர்களும் ஓரளவு அதிருப்தியோடு இருந்தது அதற்கு நற்சான்று போலவும் பட்டது.

வினாக்கள் உண்டா என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முன்னொருநாள் குப்பி அடுக்கப் போன எழுவரில் ஒருவன்.

"சேர், அந்த அக்காவின் அப்பா அந்த வீட்டிலேயா இருக்கிறார்?"

"இல்லை" என்றேன்.

"அப்ப எங்கே இருக்கிறார்?"

நான் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.